ஓட்டப்போவது யார்?

கேள்வி: வயது 38. விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கைகள் நல்ல திடம். அப்பளத் தொழில் செய்கிறேன். அம்பாசமுத்திரம் கடைகளுக்கு நானே போய் ஆர்டர் எடுக்கணும். மாதாமாதம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் போகணும். பழைய ஈக்கோ வேன் வாங்கி, பின்னால் சரிவுப் பலகை வைத்து, வீல்சேரோடு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா அண்ணாச்சி?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, நீங்க தனியாப் போகணும்ங்கீங்க. அவரு உங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி பாக்காரு. ரெண்டும் வேற வேற வண்டி.

வேன் தரை ரெண்டு அடி உயரம்னு வைங்க. கட்டடங்களுக்குச் சொல்லுத 1-க்கு 12 கணக்குப்படி, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்னா, 24 அடிப் பலகை வேணும், தெருவையே மறிச்சுரும். ஆறடிப் பலகைன்னா சரிவு கடுசா இருக்கும், பின்னால ஒரு ஆள் தள்ளாம ஏற முடியாது. அந்த ஆள் வராத அன்னைக்கு வேன் வாசல்ல, நீங்க திண்ணையில. அதுக்கு மேலயும் வேன்தான்னா, சேரில் உக்காந்தபடி தரையிலிருந்து உச்சந்தலை வரை டேப் பிடிச்சு, பின்கதவுத் திறப்போட ஒத்துப் பாருங்க. சேரை நாலு மூலையிலும் வாரால கட்டணும், உங்களுக்குத் தனியா சீட் பெல்ட் வேணும். சேரோட பெல்ட் விபத்துல தாங்காது.

அம்பைக்கு ஆத்துப்பாலம் தாண்டுனா போதும். அதுக்குச் சேரின் முன்னால மாட்டுத மோட்டார் வண்டி பாருங்க. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் கம்பெனியின் நியோபோல்ட் அந்த வகை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும். கடை வாசல்ல கழட்டி வச்சுட்டு அதே சேரில் உள்ளே போயிரலாம். பக்கச் சக்கர ஸ்கூட்டர்ல போனா, சேர் வீட்டுல இருக்கும், கடைக்காரர்தான் வெளியே வரணும். மழையில மட்டும் பாத்துப் போங்க.

பாளைக்குக் கியர் மாத்தத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் காரும், பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால இயக்குத அமைப்பும். நான் ஓட்டுதது அப்படித்தான். சீட்டும் சேர் மெத்தையும் ஏறக்குறைய ஒரே உயரம் இருக்கணும். எஸ்.யூ.வி. பகட்டெல்லாம் நமக்கு ஆகாது, ஏறதுக்குள்ள தோள்பட்டை போயிரும். சக்கரம் கழலுத சேரா இருந்தாத்தான் மடிக்கு மேல தூக்கி அடுத்த சீட்டுல போட முடியும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டாரு. உங்க சேரை எடுத்துட்டுப் போய், நீங்களே ஏறி இறங்கிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. உணர்வில்லாத இடத்துல புண் வந்தாத் தெரியாது, மெத்தையில சிக்கனம் பாக்காதீங்க.

ரெண்டும் ஒரேயடியா வாங்க முடியாதுன்னா சேரில் மாட்டுத மோட்டார் முதல்ல. தினசரிப் பிழைப்பு அம்பையில இருக்கு. கார் வாங்கும்போது வண்டி உங்க பேரில் இருக்கட்டும், சாலை வரிச் சலுகை அப்பதான் கேக்கலாம். கை அமைப்புக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. அப்புறம் ஆர்.சி.யில் பதிவு, அந்த வண்டியிலேயே லைசென்ஸ் டெஸ்ட். ஒர்க்ஷாப்காரர் 'அனுமதியெல்லாம் வேண்டாம்'னா வேற ஒர்க்ஷாப் பாருங்க.