மதுரையின் மூன்று பஸ் ஸ்டாண்டுகளையும் ஒன்றாக்கினால் காத்திருப்பு குறையுமா?

கேள்வி: மதுரையில் பஸ் மாறுவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: கொஞ்சம் பேருக்குத் தீரும், கொஞ்சம் பேருக்குக் கூடும். காரணத்தை என் சித்தியிடமிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

சித்திக்கு உசிலம்பட்டிப் பக்கம் கொஞ்சம் மல்லிகை இருக்கிறது. விடியுமுன் பறித்த மொட்டை ஈரத்துணி சுற்றிப் பையில் கட்டி, ஆரப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ் மாறி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். லீவு நாட்களில் பை தூக்க நான் கூடப் போவேன். ஒருநாள், "ரோட்டுல எங்கடா நேரமாச்சு, நின்னதுலதான் ஆச்சு" என்றார். மொட்டு விரிந்தால் விலை இறங்கிவிடும். அவருடைய கடிகாரம் பைக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கப்புறம் சில வாரம் போனில் நேரம் குறித்துப் பார்த்தேன். பஸ் மாறும்போது இறங்கி நடக்கிறோம், அடுத்த பஸ் எங்கே நிற்கும் என்று தேடுகிறோம், அது வரும்வரை நிற்கிறோம். எங்கள் கணக்கில் நடைதான் மிகக் குறைவு. ஆனால் கட்டடம் கட்டுகிறவர்கள் குறைக்கப் பார்ப்பது அந்த நடையைத்தான்.

ஒன்றாக்குவது மதுரைக்குப் புதிதில்லை. பழங்காநத்தம், அண்ணா பேருந்து நிலையம் என்று திசைக்கொன்றாக இருந்தவற்றை 1999-இல் மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனார்கள். தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்திலேயே தங்கின. அதில் நியாயம் உண்டு. மேற்கிலிருந்து வருகிற பஸ் மாட்டுத்தாவணி வரை போனால் சித்திக்கு லாபம்தான். பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர் என்ன செய்வார்? ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துத் திரும்பி வரவேண்டும். சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு, இங்கிருந்து போகிற எல்லோருக்கும் இது அனுபவப் பாடம். நிலையம் விசாலமாக இருக்கிறது, ஊருக்குள் போக இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது.

ஆகவே நிற்கிற நேரத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், எப்போது போனாலும் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம். அதே பஸ்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி பத்து நிமிடம். பஸ் எண்ணிக்கையும் அதேதான், டீசலும் அதேதான், நம் கால்வலி மட்டும் இரட்டிப்பு. ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் டிரைவரின் சோம்பல் இல்லை. கொஞ்சம் பிந்திய பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் ஆள் கூடிவிடும், ஏற்றி இறக்குவதில் இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆள் இருக்காது, ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். வழியில் ஓரிடத்தில் டைம் கீப்பர் அந்தப் பின் பஸ்ஸை மூன்று நிமிடம் நிறுத்தி அனுப்பினால் போதும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், அது வேறு.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், சித்தி அந்த பஸ்ஸுக்காக மட்டுமே நிற்பார். காசு வாங்குகிற பஸ் மூன்று வரிசையாகப் போனாலும் ஏறமாட்டார். அட்டவணையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கலாம், அவருக்கு அது இருபது நிமிடம். இடைவெளியைக் கணக்கிடுகிறவர்கள் சாதாரண பஸ்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

தேடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிலையத்தில் (எது என்று கேட்காதீர்கள்) பலகையில் ஒரு ஊர், கீழே நின்றது வேறு ஊர் பஸ். ஒருவர் "அங்கிட்டு நிக்கும்" என்றார். அங்கே போனால், "இங்கிட்டுத்தானேய்யா இருந்துச்சு, இப்பத்தான் எடுத்தாங்க." அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் நின்றோம். ஓர் ஊருக்கு ஓர் இடம், அதை மாற்றாமல் இருப்பது. இதற்குக் கோடிகள் வேண்டாம், ஒரு பெயின்ட் டப்பா போதும்.

விடியற்காலையும் இரவும் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பஸ்களே குறைவாக இருக்கும் நேரத்தில் இடைவெளியைச் சமமாக்கிப் பயனில்லை, ஒன்றையொன்று சந்திக்க வைக்க வேண்டும். இதற்கு ஸ்விட்சர்லாந்து ரயில்களைப் பாருங்கள். 1982 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு மணியும் அதே நிமிடங்களில் ரயில் ஓடும்படி அட்டவணை போட்டார்கள். பெரிய சந்திப்புகளில் ரயில்கள் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன் வந்து கூடி, அடித்த கொஞ்ச நேரத்தில் பிரிந்து போகும். சூரிச் – பெர்ன் பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரப் புதிய பாதை போட்டு 2004-இல் திறந்ததும் இந்தச் சந்திப்பு தவறக்கூடாது என்பதற்காகத்தான். அதற்குமேல் வேகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம். மாட்டுத்தாவணியிலிருந்து வரும் கடைசி டவுன் பஸ் ஆரப்பாளையத்தில் நுழைந்து ஐந்து நிமிடம் கழித்துத் தேனிப் பக்கம் ஒரு பஸ்ஸை எடுத்தால் சரி. பகலில் இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தால் எல்லாமே பிந்திவிடும். கடைசி இரண்டு ட்ரிப், முதல் இரண்டு ட்ரிப், அவ்வளவுதான்.

சித்தி இப்போது பூவோடு பஸ்ஸில் வருவதில்லை. ஊரில் நாலு பேர் சேர்ந்து குட்டியானை பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். டிக்கெட்டே இல்லாத பஸ்ஸை விட்டுவிட்டு வாடகை கொடுக்கிறாயே என்று கேட்டேன். "பூவு நிக்காதுடா" என்றார்.