தனிக் கணக்கு முதுமை வறுமையைத் தடுக்குமா?

கேள்வி: ஒவ்வொருவர் பெயரிலும் ஓய்வூதியக் கணக்கு தொடங்கி, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலீடு செய்துவந்தால் முதுமையில் எவரும் வறுமையில் வாட மாட்டார்கள் என்று ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். பிள்ளைகளை வளர்ப்பதற்காக 28 வயது முதல் ஒன்பது ஆண்டுகள் வேலையை விட்டிருந்தவள் நான். எனக்கும் இது பொருந்துமா?

பதில்: நிலையான சம்பளத்தில் இடைவிடாமல் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பெருமளவு பொருந்தும். மற்றவர்களுக்கு, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

உங்கள் நிலையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 வயதில் வேலைக்குச் சேர்ந்து, 65 வயது வரை ஆண்டுதோறும் ஒரே தொகையைச் செலுத்தி, அது ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் செலுத்திவிட்டு அடுத்த ஒன்பது ஆண்டுகள் செலுத்தாமல் விட்டால், விடுபட்டது மொத்தக் காலத்தில் கால் பங்குக்கும் குறைவுதான். ஆனால் 65 வயதில் கைக்கு வரும் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இளமையில் போட்ட பணமே வட்டிக்கு வட்டி சேர்ந்து அதிகம் பெருகும் என்பதால், பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விடும் பெண்களை இத்திட்டம் மிகவும் வலுவாகத் தாக்குகிறது. கருத்தரங்குகளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

சிலி நாடு 1981ஆம் ஆண்டில், ஊழியர் தம் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிர்வகிக்கும் தனிக் கணக்கில் செலுத்தும் முறைக்கு மாறியது. முறைசாராத் தொழிலில் இருந்தவர்களுக்கும் விட்டு விட்டு வேலை செய்தவர்களுக்கும் போதிய தொகை சேரவில்லை. அதனால் 2008ஆம் ஆண்டில் வறியவர்களுக்காக அரசுப் பணத்திலிருந்தே ஓர் அடிப்படை ஓய்வூதியத்தை அந்நாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. சுவீடனில் ஓய்வூதியத்துக்காக ஒதுக்கப்படும் 18.5 சதவீதத்தில் 2.5 சதவீதம் மட்டுமே முதலீட்டுக் கணக்குக்குப் போகிறது. மீதி 16 சதவீதம் இன்றைய முதியோருக்கு வழங்கப்படுகிறது. இவ்விரண்டிலும் குறைவாகவே பெறுபவர்களுக்கு அரசின் உத்தரவாத ஓய்வூதியம் தனியாக உண்டு. வறுமையைத் தடுப்பது அந்த அடித்தளம்தான். தனிக் கணக்கு அதன்மேல் எழுப்பும் மாடி என்பதே என் கருத்து.

இதற்காகச் சேமிப்பதைக் கைவிட வேண்டாம். அடிப்படைத் தொகையை மட்டும் நம்பி, பழகிய வாழ்க்கையைத் தொடர முடியாது. ஆனால் கணக்கைத் தொடங்குமுன் நிர்வாகக் கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சியில் 1 சதவீதம் கட்டணமாகப் போனால், நாற்பது ஆண்டு முடிவில் கிடைக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். வேலையை விட்டிருக்கும் ஆண்டுகளில் கணவரின் சம்பளத்திலிருந்து உங்கள் பெயருக்குச் செலுத்த விதி இடம் தருகிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: சேர்ந்த பணத்தை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா?

பதில்: எத்தனை வயது வரை வாழ்வோம் என்பது யாருக்கும் தெரியாததால், தவிர்க்க முடியாத செலவுகளுக்குத் தேவையான அளவையாவது ஆயுள் முழுவதும் மாதந்தோறும் தரும் திட்டத்தில் போடுங்கள். அந்த மாதத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலைகள் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், உயராத தொகையின் மதிப்பு 24 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கடுமையான நோயுள்ளவர்களுக்கும் அடைக்க வேண்டிய கடன் உள்ளவர்களுக்கும் மட்டும், ஒரு பகுதியை மொத்தமாக வாங்குவது பொருத்தமாக இருக்கலாம்.