வேளாண் மண்டலத்தில் அனல்மின் நிலையம் வர முடியுமா?

கேள்வி: மேல்புவனகிரி ஒன்றியத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பக்கத்தில் அனல்மின் நிலையம் வரப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள் என்று ஒரு புரோக்கர் அட்வான்ஸோடு வந்து நிற்கிறார். இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, எப்படி அனுமதிப்பார்கள்?

பதில்: உங்கள் ஒன்றியம் மண்டலத்துக்குள் இருப்பது சரிதான். 2020-ல் வந்த சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்களைச் சேர்த்தது. ஆனால் அது எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயுவுக்குப் புதிதாகத் துளை போடக் கூடாது. தோல் தொழிற்சாலை, செம்பு உருக்காலை மாதிரி சிலவும் கூடாது. அந்தப் பட்டியலில் அனல்மின் நிலையம் இல்லை. அதுமட்டுமல்ல, துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புத் திட்டங்களை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை.

2003 மின்சாரச் சட்டப்படி மின் நிலையம் கட்ட உரிமமும் தேவையில்லை. அப்புறம் எங்கேதான் கேள்வி கேட்பது? சுற்றுச்சூழல் அனுமதியில். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி மின் நிலையத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம்தான் அனுமதி தர வேண்டும், அதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில், தமிழ் நாளிதழிலும் சேர்த்து, விளம்பரம் வரும். அன்றைக்கே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையையும் அதன் தமிழ்ச் சுருக்கத்தையும் கேட்டுப் படியுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், சாம்பலை எங்கே கொட்டப் போகிறார்கள், உங்கள் சர்வே எண்ணை விளைநிலம் என்று போட்டிருக்கிறார்களா தரிசு என்றா, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கூட்டத்தில் "விவசாயம் அழிந்துவிடும்" என்று பொதுவாகப் பேசினால் ஒரே வரியில் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். "எங்கள் வயலுக்கு வெள்ளாற்று ராஜன் வாய்க்காலில் இந்த மதகிலிருந்து பாய்ச்சல், அறிக்கையில் இந்தப் பக்கத்தில் அந்த வாய்க்காலே இல்லை" என்று அடங்கல் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கு) நகலோடு எழுத்தில் கொடுங்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது, ஊரே போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே ஆகும். அதனால் தவறாமல் போங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

புரோக்கரிடம் கம்பெனி பெயரையும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்த விவரத்தையும் கேளுங்கள். விண்ணப்பித்திருந்தால் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள், பவர் பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.