மயங்கி விழுந்தவரை மறுபடி களத்தில் இறக்கியது யார்?

கேள்வி: என் தம்பி கல்லூரிக் கபடி அணியில் ரெய்டர். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன் ஒரு போட்டியில் எதிரணி வீரரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்து மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பி, இரண்டாம் பாதியில் மறுபடி ஆட விட்டார்கள். மறுபடியும் தலையில் அடி. இரவெல்லாம் வாந்தி. "போலீஸ் கேஸ் ஆகிவிடும், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லுங்கள்" என்றார் பி.டி. சார், மருத்துவமனையில் அப்படியே சொன்னோம். ஸ்கேன் நார்மல். இன்றுவரை தலைவலி, மறதி, கோபம். காவலர் தேர்வுக்குப் படிக்க முடியவில்லை. வலி இல்லாதபோது ஊர் அணிக்கு ஆடுகிறான். கல்லூரி விழாவில் அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இப்போது 25,000 ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். இடித்தவன் மீதும் வழக்குப் போட வேண்டும். அமெரிக்காவில் வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் கிடைத்ததாமே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: விழாவில் பெயர் சொல்லாதது உங்களுக்கு வலிக்கலாம். வழக்குக்கு அது உதவாது. இடித்த வீரரையும் விட்டுவிடுங்கள். 18 வயது நிறைந்தவர்கள் சம்மதித்து ஆடும் ஆட்டத்தில், விதிக்குள் பட்ட அடி குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, இரண்டும் இதைத்தான் சொல்கின்றன.

உங்கள் வழக்கு முதல் அடியில் இல்லை. நினைவு தப்பி விழுந்த பையனை மருத்துவரிடம் காட்டாமல் திரும்ப இறக்கினார்களே, அங்கே இருக்கிறது. கபடியில் அடிபடும் என்று தெரிந்துதான் உங்கள் தம்பி இறங்கினார். மயங்கி எழுந்தவர், "ஆடுகிறேன்" என்று அவரே சொல்லியிருந்தாலும், அதைச் சம்மதம் என்று கல்லூரி வாதாடுவது கடினம். அந்த நிலையில் முடிவெடுக்க வேண்டியவர் அணிப் பொறுப்பாளர்.

ஆனால் அந்தப் பைக் கதை! இதில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், நீங்கள் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். அதைத் திருத்தித் தரச்சொல்லி மருத்துவமனைக்குப் போகாதீர்கள், இருப்பதும் கெட்டுவிடும். போட்டியின் ஸ்கோர் ஷீட், யார் போனிலாவது இருக்கும் வீடியோ, கூட ஆடியவர்களில் சாட்சி சொல்லத் துணியும் இருவர், இவற்றைத் தேடுங்கள். இரண்டாம் பாதியில் அவர் எண்ணில் ஒரு ரெய்டு பதிவாகியிருந்தால் அது நூறு வாக்குமூலத்துக்குச் சமம்.

ஸ்கேன் நார்மல் என்பதையும் அவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். மூளை அதிர்ச்சி பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. அதை நீங்களோ நானோ சொன்னால் செல்லாது, நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டும். அவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, நினைவாற்றல் பரிசோதனையும் செய்து அறிக்கை வாங்குங்கள்.

அமெரிக்க விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கிடைத்தது தீர்ப்பு அல்ல, சமரசம். அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு, தலையில் படும் அடிகளின் ஆபத்தை மறைத்தது என்பது வீரர்களின் குற்றச்சாட்டு. 2013இல் 765 மில்லியன் டாலருக்குப் பேசி, அது போதாமல் போகலாம் என்று நீதிபதி தயங்கி, உச்சவரம்பை நீக்கிய பிறகு 2015இல் ஒப்புதல் கிடைத்தது. அமைப்பு தன் தவறை ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தச் செய்திகளில் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயின் பெயரை, கல்லூரிக்கு நீங்கள் அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் எழுதவே எழுதாதீர்கள். இறந்தபின் மூளையைச் சோதித்துத்தான் அதை உறுதிசெய்ய முடியும். 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரருக்கு அது இருந்ததை டாக்டர் பென்னட் ஒமாலு கண்டறிந்ததும் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான். நிரூபிக்க முடியாத ஒன்றை எழுதினால், நிரூபிக்க முடிந்ததும் சேர்ந்து அடிபடும். இன்றைய தலைவலியையும் மறதியையும் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஊர் அணிக்கு ஆடுவதை இன்றே நிறுத்துங்கள். ஒரு ரீல்ஸ் வீடியோ போதும், உங்கள் வழக்கை முடித்துவிட. வழக்கு கிடக்கட்டும், ஆறாத தலையில் இன்னொரு அடி விழுந்தால் எந்தத் தொகையும் அதை ஈடுகட்டாது. காவலர் தேர்வில் உடற்தகுதிக்குப் போயிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அங்கே நல்ல உடல்நிலை, இங்கே பாதிப்பு என்று இரண்டையும் சொல்ல முடியாது.

வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம். இப்படி இழப்பீடு கேட்டுப் போடும் அசல் வழக்கில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவுக்கு இடமில்லை. கல்லூரி "பேசிக்கொள்ளலாம்" என்று இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் சமரசத்துக்குத்தான் போகச் சொல்வேன். பைக் கதையைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பது அந்தப் பையனின் தலைக்கும் நல்லதல்ல. ஆனால் 25,000க்கு அல்ல. இதுவரையான செலவு, இனி ஆகும் சிகிச்சை, இழந்த படிப்புக்காலம் மூன்றையும் கணக்கிட்டுக் கேளுங்கள். இப்போது நீட்டும் தாளில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். "சிகிச்சைச் செலவுக்காக மட்டும், உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே நோட்டீஸ் போகட்டும். நான்கு மாதத்தில் பேச்சு முடியாவிட்டால், வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.