மகன் சீனாவில், நான் அம்பத்தூரில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் சீனாவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்கே வாட்ஸ்அப் கிடையாது, விபிஎன் போட்டுத்தான் பேசுவான். ஒரு வாரம் நன்றாக வரும், திடீரென்று பத்து நாள் சத்தமே இருக்காது. காசு கொடுத்து வாங்கிய விபிஎன்தான். எல்லாம் ரகசியமாகப் போகிறது, யாராலும் படிக்க முடியாது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அப்புறம் எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துகிறார்கள்?
- ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: அம்மா, விளம்பரம் சொல்வது பொய் இல்லை. விபிஎன் நம் பேச்சைப் பூட்டி வெளிநாட்டு சர்வர் ஒன்றின் வழியாக அனுப்புகிறது, அதனால் படிக்க முடியாதுதான். ஆனால் நிறுத்துவதற்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அங்கேதான் சிக்கல்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் லேப்டாப்பில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போனேன். நம் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துண்டையும், அது பிரித்துக் காட்டும். நான் எந்தக் கட்டுரையைப் படித்தேன் என்பது அதில் எங்கேயும் தெரியவில்லை, வெறும் கிறுக்கல். ஆனால் ஆரம்பத்தில், எந்தத் தளம் வேண்டும் என்று கேட்கிற பாக்கெட்டில், விக்கிப்பீடியாவின் முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றது. பிரவுசரில் பூட்டு இருந்தாலும் இந்தப் பெயர் மறையாது. இதற்கு எஸ்என்ஐ என்று பெயர், இதைப் பார்த்துத் தளங்களை வெட்டுவது சீனாவில் மட்டுமல்ல, நம் நாட்டிலும் நடக்கிறது. சரி, பெயரையும் மறைத்துவிடலாம் என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள். பெயரை மறைத்திருக்கிறார்கள் என்பதே பாக்கெட்டில் தெரிந்தது, 2020-இல் சீனா அப்படிப்பட்ட இணைப்புகளையே வெட்ட ஆரம்பித்துவிட்டது.

விபிஎன் கதையும் இதேதான். ஓபன்விபிஎன், வயர்கார்ட் என்ற பிரபலமான விபிஎன் முறைகள் இரண்டும் சர்வரோடு பேச்சைத் தொடங்கும்போது அனுப்புகிற முதல் பாக்கெட்டுகளுக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு. கோயம்பேட்டுக்குள் வருகிற லாரியில் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தாலும், உள்ளே வெங்காய மூட்டையா வாழைத்தாரா என்று அங்கேயே பழகியவர் பார்த்ததும் சொல்லிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி.

அதனால் தடையைத் தாண்டும் கருவிகள் செய்பவர்கள் எந்த வடிவமும் தெரியாதபடி முதல் பைட்டிலிருந்தே எல்லாவற்றையும் கலைத்து அனுப்பினார்கள். சீனாவில் நிறையப் பேர் பயன்படுத்தும் ஷேடோசாக்ஸ், அடையாளம் மறைத்து இணையம் பார்க்க உதவும் டோர் என்ற இலவச வலையமைப்பின் ஆட்கள் செய்த ஓபிஎஃப்எஸ்4 எல்லாம் இந்த வகை. பல வருடம் ஓடியது. 2021 நவம்பரில் சீனா அதையும் பிடித்தது, எப்படி என்று ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் எழுதியதைப் படித்து அசந்துபோனேன். முதல் பாக்கெட்டில் எத்தனை 1, எத்தனை 0 என்று எண்ணினார்கள், அவ்வளவுதான்! ஒரு பைட்டில் 8 பிட், ஒவ்வொரு பிட்டும் 1 அல்லது 0. நன்றாகக் கலைத்த தகவலில் சராசரியாக அதில் பாதி, அதாவது 4 பிட், 1 ஆக இருக்கும். சராசரி 3.4-க்கும் 4.6-க்கும் நடுவில் விழுந்து, படிக்கிற மாதிரி எழுத்துகளும் இல்லை, தெரிந்த வகை இணைப்பாகவும் இல்லை என்றால் சந்தேகக் கேஸ். அதிலும் எல்லாவற்றையும் வெட்டவில்லை. வாடகை சர்வர்கள் நிறைந்த சில வெளிநாட்டு முகவரிகளுக்குப் போகிறவற்றில் மட்டும், சுமார் நாலில் ஒன்றை. தப்பாக நல்ல இணைப்புகள் மாட்டக்கூடாதே என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது. இன்னொன்று, சந்தேகம் வந்த சர்வருக்கு அவர்களே வாடிக்கையாளர் போலப் போய்ப் பேசிப் பார்ப்பார்கள், விபிஎன் மாதிரி பதில் வந்தால் அந்த முகவரிக்கே தடை. ஒரு வாரம் ஓடிவிட்டுப் பத்து நாள் நின்றுபோவதற்கு இப்படி ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம்.

யாரைப் போலவும் இல்லாமல் இருப்பதே கூட்டத்தில் தனியாகக் காட்டிவிடுகிறது. இப்போது வருகிற கருவிகள் அதனால்தான் ஒளிவதை விட்டுவிட்டு, தினமும் கோடிக்கணக்கில் போகிற சாதாரண இணைப்பின் வேஷத்தைப் போடுகின்றன. டோர் 2024-இல் வெளியிட்ட வெப்டனல் அப்படித்தான், வெளியே இருந்து பார்த்தால் யாரோ ஒரு வெப்சைட்டைப் படிக்கிற மாதிரி இருக்கும், அந்த முகவரிக்கு வேறு யாராவது போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒரு வெப்சைட் வரும். இதுதான் சரியான பாதை என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அவன் லீவுக்கு வரும்போதே இரண்டு மூன்று வழிகளைப் போனில் ஏற்றிக்கொண்டு போகட்டும், அங்கே போய்த் தேட முடியாது. கூகுள் ப்ளே அங்கே திறக்காது, ஆப்பிளும் 2017-இல் சீன ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் ஆப்களை எடுத்துவிட்டது. நம்மூர் சிம் ஒன்றை ரோமிங்கில் வைத்திருந்தால் அதன் டேட்டா இந்தியாவுக்கு வந்து சுற்றிப் போவதால் வாட்ஸ்அப் வரும். செலவு அதிகம், ஆனால் அவசரத்துக்கு அதைவிட நம்பகமானது எதுவும் இல்லை. சீனாவின் சாட் ஆப்பான வீசாட் போடலாமே என்று யாராவது சொல்வார்கள், அதை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு சுவர், நடுவில் ஒரு தாயும் பிள்ளையும். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்றை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத விபிஎன் அங்கே சட்டப்படி தப்பு, தனிநபர்களுக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள். நண்பர்களுக்கு அமைத்துக் கொடுப்பது, விற்பது பக்கமே போகக் கூடாது. விபிஎன் விற்ற ஒருவருக்கு 2017-இல் ஐந்தரை ஆண்டு சிறை விதித்தார்கள்.

கேள்வி: இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: பொதுவாக இல்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் அவ்வப்போது தற்காலிகத் தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள், அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது, அதனால் சில நிறுவனங்கள் இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன. தடை நமக்கு அந்நியமும் இல்லை. 2012-இல் சினிமா திருட்டுக்காக நம் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவைக் காட்டி விமியோ என்ற வீடியோ தளம் போன்றவற்றை மொத்தமாக மூடினார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று அப்புறம் நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: வெளிநாட்டில் தடையில் மாட்டியவர்களுக்கு இங்கே உட்கார்ந்துகொண்டே உதவ முடியுமாமே? என் லேப்டாப்புக்கு ஆபத்து வருமா?
- கல்லூரி மாணவி, கிண்டி

பதில்: முடியும். பிரவுசரில் ஸ்னோஃப்ளேக் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கலாம். தடை உள்ள நாட்டில் டோர் திறக்கிற ஒருவர் உன் பிரவுசர் வழியாக டோருக்குள் நுழைவார். பார்க்கிறவர்களுக்கு அது வீடியோ கால் மாதிரி தெரியும், ஏனென்றால் வீடியோ காலுக்கான வெப்ஆர்டிசி என்ற அதே தொழில்நுட்பம்தான் இதிலும். ஈரானில் 2022-இல் போராட்டம் வெடித்தபோது ஏராளமான பேர் இப்படித்தான் வெளியே வந்தார்கள். உன்னைப் போன்றவர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால் முகவரி பார்த்துத் தடுப்பதும் கஷ்டம். ரஷ்யா 2018-இல் டெலிகிராமைப் பிடிக்கப் போய் அமேசான், கூகுள் முகவரிகளை ஒரு கோடிக்கும் மேல் தடுத்து, சம்பந்தமே இல்லாத சேவைகளெல்லாம் படுத்தன, டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் வேஷத்தில் சின்னத் தையல் பிரிந்தால்கூடப் பிடித்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் ஸ்னோஃப்ளேக் பேச்சைத் தொடங்கும் விதத்தில் இருந்த ஒரு சின்ன வித்தியாசத்தை வைத்து ரஷ்யா அதை வெட்டியது, அப்புறம் சரிசெய்தார்கள்.

ஆபத்து என்று பார்த்தால், அவர் பார்க்கிற தளங்களுக்கு உன் முகவரி போகாது, டோரின் கடைசி சர்வருடையதுதான் தெரியும். டேட்டா கொஞ்சம் செலவாகும், அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம், வீட்டு வைஃபையில் போடு. ஹாஸ்டல் நெட்வொர்க் என்றால் வார்டனிடம் கேட்டுவிட்டுப் போடு.