கலப்புத் தற்காப்புக் கலையின் ரசிகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? – கேள்வி பதில்

குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த, எம்எம்ஏ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கலப்புத் தற்காப்புக் கலையின் பக்கம் ரசிகர்கள் முதன்முதலில் எப்படி ஈர்க்கப்படுகிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளுடைய கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இந்த விளையாட்டின் ரசிகராவதற்குப் பொதுவான வழி என்று ஒன்று உண்டா?

வழிகள் பல. ஆனால் விளையாட்டையே தேடிக்கொண்டு வருபவர்கள் குறைவு. ஒரு குறிப்பிட்ட வீரரைப் பார்க்கவோ, எந்தக் கலை வெல்லும் என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவோ, நண்பர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கியோதான் பெரும்பாலோர் வருகிறார்கள். வந்த காரணம் எதுவாயினும், தங்கிவிடுபவர்களிடம் ஒரு பொதுத்தன்மையை நான் கவனித்திருக்கிறேன்: இருவர் தரையில் உருளும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் விளங்கத் தொடங்கியிருக்கும். அது விளங்காதவர்கள், தங்களுக்குப் பிடித்த வீரர் ஓய்வு பெற்றதும் தாங்களும் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

கேள்வி: அமெரிக்க எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சி 1993இல் நடத்திய முதல் போட்டியை இன்று பார்த்தால் மிகவும் கரடுமுரடாகத் தெரிகிறது. அன்றைய மக்களை அதில் ஈர்த்தது எது?

ஒரு பழைய வாதம்தான் ஈர்த்தது. குத்துச்சண்டை வீரரும் மல்யுத்த வீரரும் மோதினால் யார் வெல்வார், கராத்தே தெரிந்தவர் சுமோ வீரரை வீழ்த்த முடியுமா என்பவை தற்காப்புக் கலைகளில் ஆர்வமுள்ளோர் பல தலைமுறைகளாக விடை காணாமல் பேசிவந்த கேள்விகள். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்டுப் பேரை ஒரே இரவில் மோதவிட்டு அதற்கு விடை காட்டுவதாக யுஎஃப்சி அறிவித்தது. எடைப் பிரிவுகள் இல்லை; புள்ளி வழங்கும் நடுவர்கள் இல்லை; கடிப்பதற்கும் கண்ணைத் தோண்டுவதற்கும்தான் தடை இருந்தது. முதல் மோதலிலேயே சவாத் என்னும் பிரெஞ்சு உதைச்சண்டைக் கலையில் தேர்ந்த ஜெரார்ட் கோர்டோ, தம்மைவிட மிகப் பெரிய உடல்வாகு கொண்ட சுமோ வீரர் தெய்லா துலியை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். துலியின் பல் ஒன்று தெறித்துப் பறந்தது.

அந்தக் காட்சியோடு முடிந்திருந்தால் யுஎஃப்சி ஒரு நாள் வேடிக்கையாகவே போயிருக்கும். பார்த்தவர்களைக் கட்டிப்போட்டவர் ராய்ஸ் கிரேசி. சுமார் 80 கிலோ எடை கொண்ட, ஒல்லியான, வெள்ளைப் பயிற்சி உடை அணிந்த அந்த இளைஞர், ஓர் இரவில் மூன்று பேரை மொத்தம் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் பணியவைத்தார். மூவரில் எவரையும் அவர் குத்தி மயக்கமடையச் செய்யவில்லை. அவர்கள் ஏன் தோற்றார்கள் என்பது பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரியவே இல்லை. அந்தப் புரியாமையே மிகப் பெரிய கவர்ச்சியாக அமைந்தது என்பது என் கருத்து. 1994 டிசம்பரில் யுஎஃப்சி 4இன் இறுதிப் போட்டியில், தம்மைவிட மிகக் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னின் அடியில் கால்மணி நேரத்துக்கும் மேலாகக் கிடந்துவிட்டு, கால்களாலேயே அவருடைய கழுத்தை முக்கோணமாகப் பூட்டி ராய்ஸ் வென்றார். அடியில் கிடப்பவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அன்றோடு பலருக்குக் கலைந்தது. பின்னாளில் பெரும் சாம்பியனான ஜார்ஜ் செயிண்ட்-பியேர், சிறுவயதில் ராய்ஸ் கிரேசியைப் பார்த்தே இத்துறைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: ஜப்பானிய ரசிகர்களும் இதே வழியில் வந்தவர்கள்தானா?

இல்லை. அங்கே கதவைத் திறந்தது தொழில்முறை மல்யுத்தம், அதாவது முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் காட்சி மல்யுத்தம். 1976 ஜூனில் டோக்கியோவில் முகமது அலியுடன் மோதிய அன்டோனியோ இனோக்கி அத்துறையின் நட்சத்திரம். பதினைந்து சுற்றுகளின் பெரும்பகுதியில் அவர் தரையில் படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் போட்டிதான் என்றாலும், தங்கள் மல்யுத்த வீரர்கள் உண்மையான சண்டையில் எப்படி நிற்பார்கள் என்ற ஏக்கத்தை அது ரசிகர்களிடம் ஆழப் பதித்தது. 1997 அக்டோபரில் டோக்கியோ டோமில் நடந்த, பிரைட் என்னும் ஜப்பானிய எம்எம்ஏ அமைப்பின் முதல் நிகழ்ச்சி அந்த ஏக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டது: மல்யுத்த நட்சத்திரம் நொபுஹிகோ தகாடாவை ராய்ஸின் அண்ணன் ரிக்சன் கிரேசி, கை மூட்டை நெம்பிப் பணியவைக்கும் கைப்பூட்டில் எளிதாகத் தோற்கடித்தார்.

இதற்குப் பழிதீர்க்க வந்தவராக ரசிகர்கள் கொண்டாடியவர் கசுஷி சகுராபா. அவரும் காட்சி மல்யுத்தத்திலிருந்து வந்தவர். 2000 மே மாதத்தில் ராய்ஸ் கிரேசியுடன் அவர் மோதிய போட்டி, பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறாக, ஒன்றரை மணி நேரம் நீடித்தது. இறுதியில் ராய்ஸ் தரப்பு துண்டை வீசிப் போட்டியைக் கைவிட்டது. அமெரிக்க ரசிகர் ‘எந்தக் கலை வெல்லும்’ என்று பார்க்க வந்தார். ஜப்பானிய ரசிகர் ‘நம்மவர் வெல்வாரா’ என்று பார்க்க வந்தார். எனக்கு இரண்டாவது காரணமே வலுவானதாகத் தோன்றுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் இடையில் இது ஏறக்குறைய தடை செய்யப்பட்டதாகப் படித்தேன். அந்தக் காலத்தில் புதிய ரசிகர்கள் எப்படி வந்தார்கள்?

மிகக் குறைவாகவே வந்தார்கள். செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதர்களின் சேவற்சண்டை என்று கண்டித்து மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பை நிறுத்தின. ஒளிநாடாக்களைக் கைமாற்றிப் பார்த்த சிறு கூட்டமே விளையாட்டை உயிரோடு வைத்திருந்தது. எடைப் பிரிவுகள், ஐந்து நிமிடச் சுற்றுகள், நீண்ட தடைப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்ட பொது விதிகள் நியூ ஜெர்சி மாநிலத்தில் வகுக்கப்பட்ட பிறகுதான் கதவுகள் மீண்டும் திறந்தன. 2001இல் யுஎஃப்சி 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்று அதன் மதிப்பு அவ்வளவுதான்.

கேள்வி: நான் 2005இல் வந்தவன். யுஎஃப்சி ஒப்பந்தத்துக்காக வீரர்கள் மோதிய ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் போட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பதற்கு அந்த ஒரு சண்டைதான் காரணமா?

அந்தச் சண்டை காரணங்களுள் ஒன்று. 2005 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் பானரும் மூன்று சுற்றுகள் சற்றும் பின்வாங்காமல் மோதினார்கள். கிரிஃபின் புள்ளிகளில் வென்றார். தோற்ற பானருக்கும் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. தொழில்நுட்பத் தரத்தில் அது ஒரு சாதாரணச் சண்டை என்றே சொல்வேன். இதைச் சொன்னதற்காக என்னைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு.

உண்மையான மாற்றம் அதற்கு முந்தைய வாரங்களில் நடந்துவிட்டது. தனிக்கட்டணம் செலுத்தியவர்கள் மட்டும் பார்த்துவந்த ஒரு விளையாட்டு, கூடுதல் கட்டணம் இல்லாத ஸ்பைக் தொலைக்காட்சியில், அதுவும் காட்சி மல்யுத்த நிகழ்ச்சியான ‘ரா’ முடிந்த கையோடு, வீடுகளுக்குள் வந்தது. வீரர்கள் ஒரே வீட்டில் தங்கினார்கள், சண்டையிட்டார்கள், அழுதார்கள், தூக்கம் வராமல் எடையைக் குறைத்தார்கள். போட்டி நடக்கும் கூண்டுக்குள் நுழைபவர் யார், ஏன் நுழைகிறார் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத இருவர் அடித்துக்கொள்வதைப் பார்ப்பதற்கும், பல வாரங்களாகப் பழகிய முகங்கள் மோதுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் உங்களையும் உட்காரவைத்திருக்கும். நீங்கள் இறுதிப் போட்டியை மட்டுமே பார்த்திருந்தால், உங்கள் அருகில் இருந்த யாரோ ஒருவர் அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: நான் நெடுங்காலக் குத்துச்சண்டை ரசிகர். நின்று மோதும் பகுதி பிடிக்கிறது. தரைக்குப் போனதும் சலித்துவிடுகிறது. இதை எப்படிக் கடப்பது?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே அடிக்கடி வருவது. குத்துச்சண்டையைப் பார்த்துப் பழகிய கண், கைகளையும் தலையையும் தொடர்கிறது. தரைச் சண்டையில் முதலில் பார்க்க வேண்டியது இடுப்பை. மேலிருப்பவரின் இடுப்பு எதிராளியின் கால்களுக்கு இடையில் இருக்கிறதா, கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டதா, மார்பின் மேல் ஏறிவிட்டதா, அல்லது முதுகுக்குப் பின்னால் போய்விட்டதா என்பதை மட்டும் சில போட்டிகளில் கவனியுங்கள். கால்களுக்கு இடையில் இருக்கும்வரை கீழிருப்பவருக்கும் தாக்க வழியுண்டு: கைப்பூட்டு, முக்கோணப் பூட்டு, புரட்டிப்போடுதல் என எதுவும் வரலாம். பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் அந்த வழிகள் சுருங்கும். முதுகைப் பிடித்துவிட்டால் கீழிருப்பவருக்குத் தாடையைத் தாழ்த்திக் கழுத்தைக் காப்பதே முதல் வேலை. ஆகவே, அசையாமல் கிடப்பதாகத் தெரியும் இருவரில் ஒருவர் தம் முழங்கால் ஒன்றை நான்கு விரல் தூரம் உள்ளே நுழைப்பதற்காகப் போராடிக்கொண்டிருக்கலாம். அது நுழைந்தால் ஆட்டமே திசை மாறும்.

அடுத்து, கீழிருப்பவர் எழ விரும்பினால் எழ முடியுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டின் சுவரில் முதுகைச் சாய்த்து எழுவது, எழுபவரின் மணிக்கட்டைப் பிடித்து மீண்டும் உட்காரவைப்பது என்று ஒரு தனிப் போராட்டமே அங்கு நடக்கிறது. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியைச் சேர்ந்த ஹபீப் நூர்மகமேதோவ் ஒரு தோல்வியும் இல்லாமல் 29 வெற்றிகளோடு ஓய்வு பெற்றதற்கு, எதிராளியின் கால்களைத் தம் கால்களால் பின்னி, எழும் வழியையே அடைத்துவிடும் திறமை ஒரு முக்கியக் காரணம்.

சலிப்பான தரைச் சண்டைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னேறவும் முயலாமல், அடிக்கவும் செய்யாமல் வெறுமனே அழுத்திப் பிடித்துச் சுற்றைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நானும் கொட்டாவி விடுகிறேன். அத்தகைய நேரத்தில் இருவரையும் எழுப்பி நிறுத்த நடுவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: அயர்லாந்து வீரர் கானர் மெக்ரிகருக்காக வந்தவர்களைப் பழைய ரசிகர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஒரு நட்சத்திரத்துக்காக வருவது தவறா?

அந்த ஏளனத்துக்கு அடிப்படையே இல்லை. ராய்ஸ் கிரேசிக்காக வந்தவர்களும் ஒரு மனிதருக்காக வந்தவர்கள்தாமே? 2015 டிசம்பரில் ஜோசே ஆல்டோவை மெக்ரிகர் 13 விநாடிகளில் வீழ்த்தியபோது, ஆல்டோ எத்தகைய சாம்பியன் என்பதுகூடத் தெரியாத பலர் உள்ளே வந்தார்கள். அவர்களில் பெருங்கூட்டம் 2018 அக்டோபரில் அவர் ஹபீபிடம் நான்காம் சுற்றில் கழுத்துப் பூட்டில் பணிந்ததையும் பார்த்தது. மெக்ரிகரின் இடது கைக்காக வந்தவர்களுக்கு மல்யுத்தம் கற்பித்த வகுப்பு அது, கசப்பான வகுப்புதான்.

ரோண்டா ரௌசியின் வரலாறு இதைவிடப் பெரியது. பெண்களை யுஎஃப்சியில் சேர்க்கவே மாட்டோம் என்று அதன் தலைவர் டானா வைட் 2011இல் சொல்லியிருந்தார். 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற ரௌசி, 2013 பிப்ரவரியில் லிஸ் கார்மூஷுடன் மோதி, யுஎஃப்சியின் முதல் பெண்கள் போட்டியை நிகழ்ச்சியின் தலைமைப் போட்டியாகவே ஆடினார். 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோமிடம் அவர் தோற்றதைக் காண 56,000க்கும் மேற்பட்டோர் அரங்கில் கூடியிருந்தனர். அவர் விலகியபோது ஒரு பகுதியினர் விலகியது உண்மை. ஆனால் பெண்கள் பிரிவுகள் நிலைத்தன. இன்று அப்பிரிவுகளைப் பின்தொடர்பவர்களில் பலர் ரௌசி ஆடியதைப் பார்த்தே இராதவர்கள்.

கேள்வி: இரத்தத்தைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறேன். ஆனாலும் ஆர்வம் விடவில்லை. இந்தத் தயக்கம் போகுமா?

முழுவதும் போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். நெற்றிக் கீறலில் இரத்தம் அதிகம் கொட்டும், ஆபத்து குறைவு; இரத்தமே வராமல் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிதான் நீண்ட காலத்துக்குத் தீங்கானது. குத்துச்சண்டையைப் போல விழுந்தவருக்குப் பத்து எண்ணி மீண்டும் மோதவிடும் முறை இங்கே இல்லை. தற்காத்துக்கொள்ள முடியாத நிலை வந்ததும் நடுவர் குறுக்கே பாய்கிறார். கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழியும் உண்டு. இவற்றால் ஆபத்து நீங்கிவிடாது. மூளைக் காயம் இந்த விளையாட்டின் மெய்யான விலை. தயக்கம் அதிகமிருந்தால் பூட்டுகளில் தேர்ந்தவர்களின் போட்டிகளிலிருந்து தொடங்குங்கள். 2017இல் டெமெட்ரியஸ் ஜான்சன், ரே போர்கைத் தூக்கி எறிந்த அதே அசைவில், அவர் தரையைத் தொடும்போதே கையைப் பூட்டிய காட்சியைப் பாருங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவருக்கு முதன்முதலாக ஒரு போட்டியைக் காட்ட வேண்டும். எதைக் காட்டலாம்?

நாக் அவுட் துணுக்குகளின் தொகுப்பைக் காட்டாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு முழுப் போட்டிக்கு வருபவர், ஒவ்வொரு நிமிடமும் யாராவது விழுவார்கள் என்று காத்திருந்து ஏமாந்துபோவார். நின்று மோதும் சண்டை போதுமென்றால் 2020 மார்ச்சில் ஜாங் வெய்லியும் யோவானா யென்ஜேசிக்கும் ஐந்து சுற்றுகள் மோதிய பட்டப் போட்டியைக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

முழு விளையாட்டையும் ஒரே அமர்வில் காட்ட வேண்டுமென்றால் என் தேர்வு, 2010 ஆகஸ்டில் ஆண்டர்சன் சில்வாவும் சேல் சன்னனும் மோதிய போட்டி. வெல்லவே முடியாதவர் என்று கருதப்பட்ட சில்வாவை சன்னன் நான்கு சுற்றுகளும் தரையில் அழுத்தி அடித்தார். ஐந்தாம் சுற்றில் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக மீதமிருந்தபோது கீழிருந்த சில்வா முக்கோணப் பூட்டில் அவரைத் தட்டவைத்தார். போட்டிக்குப் பின் நடந்த ஊக்கமருந்துப் பரிசோதனையில் சன்னன் சிக்கியது தனிக் கதை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நான்காம் சுற்றில் நண்பர் கைப்பேசியை எடுத்தால், மேலிருப்பவரின் இடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நாமும் பயிற்சிக்குப் போனால்தான் முழுமையாக ரசிக்க முடியுமா?

தேவையில்லை. ஆனால் தரையில் பிடித்துப் பூட்டும் கலையான ஜியு-ஜிட்சு வகுப்புக்குச் சில வாரங்கள் போனவர், தம் மார்பின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்த அனுபவத்துக்குப் பிறகு, ‘ஏன் எழாமல் கிடக்கிறான்’ என்று திரையைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிடுவார்.