அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தபின் தையலில் சீழ் வைப்பது ஏன்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீடு திரும்பினார், ஒரு வாரத்தில் தையலில் சீழ். மருத்துவமனையின் கவனக்குறைவா?

இருக்கலாம். ஆனால் சீழை மட்டும் வைத்துப் பழி சொல்ல முடியாது. பல நேரங்களில் அந்தக் கிருமி நோயாளியின் தோலிலும் மூக்கிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். கத்தி பட்டதும் வழி கிடைக்கிறது. அதனால்தான் கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். பிளேடால் முடி மழிப்பதையும் அது வேண்டாம் என்கிறது. நுண்ணிய கீறல்களில் கிருமி பெருகும்.

கட்டுக்கடங்காத சர்க்கரையும் பீடியும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். போதாததற்கு, நலம் விசாரிக்க வரும் நம் சொந்தங்கள் அல்வாப் பொட்டலத்தோடு கட்டிலிலேயே உட்கார்ந்து காயத்தின் கட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்! மஞ்சள், தேங்காய் எண்ணெய் வைத்தியமும் வேண்டாம்.

தொற்று 30 நாள் வரைகூடத் தலைகாட்டும். இப்போதே டிஸ்சார்ஜ் சீட்டுடன் அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால், பிறகு சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் சோதனை) அனுப்பினாலும் கிருமி பிடிபடாமல் போகலாம்.